நாலு கை வேலை

நெல்பேட்டைப் பழைய இரும்புக் கடையில்
மூவாயிரத்து எண்ணூறுக்கு வாங்கி
ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டி எடுத்துவந்தார்.
சூட்கேஸ் என்றுதான் நினைத்தேன்.
திறந்தால் ஒரு தட்டு, மடங்கிய குழாய்க் கை,
சாவி கொடுக்கும் கைப்பிடி,
மூடிப் பையில் ஒரே ஒரு இசைத்தட்டு,
அதன்மேல் செத்த கரப்பான்.
எல்ஐசி கட்ட எடுத்துவைத்த பணம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை.

செல்லூரில் எங்களுக்கு மாடியில் ஒற்றை அறை.
பேசாமல் இருக்க அந்த இடம் பத்தாது.
ஒருவர் குளிக்கப் போனால்
மற்றவர் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இட்லித் தட்டுக் குழிகளில்
குழிக்கொரு ரகமாகத் திருகாணிகள்.
அந்த வாரம் முழுக்க தோசை.

ஐந்தாம் நாள் எனக்கு நைட் டூட்டி.
ஸ்பிரிங் டப்பாவைத் தனியாகத் திறந்திருக்கிறார்.
எண்பது வருஷம் சுருண்டு கிடந்த எஃகுப் பட்டை
ஒரே துள்ளலில் வெளியே வந்து
புருவத்தைக் கிழித்து,
காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில்
கிரீஸால் கறுப்பாக ஒரு வளைகோடு இழுத்துவிட்டுத்தான்
கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது.
எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மூன்று தையல்.
போட்டவள் பரிபூரணம்.
எதில் அடிபட்டது என்றாளாம்.
பாட்டுப்பெட்டியில் என்றாராம்.
நான் இரண்டு மாடி மேலே
யாருக்கோ சலைன் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் விடவில்லை.
அல்வா பதத்தில் இறுகியிருந்த பழைய கிரீஸை
மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினார்.
ஊசி மாட்டும் பெட்டிக்குள்
தகட்டைச் சுற்றியிருந்த ரப்பர் கல்லாகியிருந்தது,
நகத்தால் தொட்டாலே உதிர்ந்தது.
அதை விளக்குக்கு நேரே பிடித்து
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுநாள் வரும் வழியில்
சைக்கிள் கடையில் வால்வ் டியூப் ஒரு முழம் வாங்கி
ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
காலையில் அது அங்கே இல்லை.

பதினோராம் நாள், ஞாயிறு.
பட்டையைத் திரும்ப டப்பாவுக்குள் சுருட்ட வேண்டும்.
பாதி உள்ளே போனதும் சீறிக்கொண்டு வெளியே வந்தது.
இரண்டாம் முறையும் அப்படியே.
டீயைக் கீழே வைத்தேன்,
அவருடைய பழைய பனியனைக் கையில் சுற்றிக்கொண்டு
எதிரே உட்கார்ந்தேன்.
பிடி, என்றார்.
ம்.
அமுக்கு.
சுத்துங்க மொதல்ல.
விட்றாத.
அவர் டப்பாவைத் திருப்பத் திருப்ப
நான் கட்டைவிரலால் ஒவ்வொரு சுற்றாக
உள்ளே தள்ளினேன்.
பதினேழு சுற்று. எண்ணினேன்.
முனை கொக்கியில் உட்கார்ந்த சத்தம்
என் முழங்கைவரை வந்தது.

ராத்திரி ஒன்பதுக்குப் பாடியது.
லேபிளைப் பூச்சி தின்றிருந்தது.
ஒரு பெண் குரல், கூடவே பிடில்,
வடை பொரிவதுபோல் ஒரு இரைச்சல்.
என்ன பாட்டு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
மூன்றே நிமிஷம்.
கடைசியில் பாடியவளே அவசரமாகத் தன் பெயரைச் சொன்னாள்.
அந்த இடத்தில்தான் சாவி தீர்ந்து
குரல் இழுபட்டு, தடித்து,
ஆம்பிளைக் குரலாகி நின்றது.

கனகாம்புஜம், என்றார்.
இல்ல, கனகாம்பரம்.
பூப் பேரை எவன் வைப்பான்?
எங்க சித்தி பேரே அதுதான்,
கல்யாணத்துல கால்ல விழுந்தீங்களே.
அது யாரு கால்னு நான் பார்த்தேனா?
எதைத்தான் பார்த்தீங்க,
பிரீமியம் தேதியப் பார்த்தீங்களா?

ஊசியை மாற்றினார்.
முழுச் சாவி கொடுத்துக் கேட்டோம்.
கனகாம் வரைக்கும் தெளிவாக இருக்கிறது,
அதற்குமேல் தட்டில் ஒரு கீறல்.
அவருக்கு அது புஜம், எனக்கு பரம்.
கீழ்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.
தகர டப்பாவில் இன்னும் ஒன்பது ஊசி இருந்தது.
சுத்துங்க, என்றேன்.